விரல் ரேகையில் வாய் நோய் தெரியுமா? திருகோணமலையில் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். திருகோணமலை நகரம், நிலாவெளி, மூதூர், தம்பலகாமம் என்று மாறி மாறி வேலை. பிள்ளைகளுக்கு நான் 'பல் மிஸ்'. இப்போதும் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் கையில் ஓர் அறிக்கையோடு வந்தார். மகன் போகும் டியூஷன் வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு பத்து விரல்களையும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். எந்தப் பாடம் சரிவரும், எந்தத் தொழில் பொருந்தும் என்ற பக்கங்களுக்குப் பிறகு கடைசிப் பக்கத்தில், 'பற்சூத்தை அபாயம் அதிகம், வாய்ப் புற்றுநோய் அபாயம் நடுத்தரம்' என்று இருந்தது. பிள்ளைக்கு ஒன்பது வயது. தாய் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. அதன் பிறகு இதே விடயத்தைப் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது முழுப் பொய்யா, மிஸ்?

இல்லை. அதனால்தான் பதில் நீளமாகிறது. விரல் ரேகைக்கும் வாய் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பல் மருத்துவக் கல்லூரிகளில் உண்மையாகவே ஆராய்கிறார்கள், இந்தியாவில் நிறைய. கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது போல அறிக்கை அடித்து விற்பதுதான் பிழை.

சங்கு, சக்கரம் என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதுவும் ஒன்றா?

பார்க்கும் கோலம் ஒன்றுதான், சொல்லும் பலன் வேறு. பத்து விரலிலும் சக்கரம் இருந்தால் ராசயோகம் என்பார்கள். அந்தச் சக்கரத்தை ஆராய்ச்சியாளர்கள் சுழி என்கிறார்கள். ரேகை ஒரு பக்கத்தால் வந்து வளைந்து அதே பக்கத்தால் திரும்பிப் போனால் அது கண்ணி. நாம் சங்கு என்பது இதைத்தான். ஒரு பக்கத்தால் வந்து நடுவில் சற்று மேடாகி மறுபக்கம் போனால் வில். மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் இந்த முறையைப் பிரித்தானிய ஆய்வாளர் பிரான்சிஸ் கால்டன் 1892 இல் வெளியிட்ட நூலில் நிலைநிறுத்தினார். மனிதரின் விரல்களில் கண்ணிகள் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம், சுழிகள் 30 சதவீதத்துக்குச் சற்று மேல், வில்கள் 5 சதவீதமளவு. இனத்துக்கு இனம் இது கொஞ்சம் மாறும்.

சுழி எவ்வளவு சாதாரணமானது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்று விரலுக்கு ஒன்று என்று வைத்தாலும், ஒரு வகுப்பறையில் சுழி உள்ள பிள்ளையைத் தேடித் திரிய வேண்டியதில்லை.

விரல் எங்கே, பல் எங்கே? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

தாயின் வயிற்றுக்குள் இரண்டும் அயலவர்கள். தூரத்தால் இல்லை, காலத்தால்.

கரு உருவாகி ஆறாம் கிழமை அளவில் தாடை இருக்க வேண்டிய இடத்தில் மேற்தோல் தடித்து ஒரு வரம்பு போல உள்ளே இறங்கத் தொடங்கும். அதிலிருந்துதான் பால் பற்கள் இருபதுக்கும் முளை உண்டாகிறது. அதே நாட்களில் மேலுதடு ஒன்றுசேர்கிறது. பன்னிரண்டாம் கிழமையளவில் அண்ணம் மூடிவிடும். அப்போது கையில் என்ன நடக்கிறது? ஆறு, ஏழாம் கிழமைகளில் விரல் நுனிகளில் சிறு மெத்தை போல வீக்கங்கள் எழும்பி, பிறகு மெல்ல அமர்ந்து போகின்றன. அவை அமரும் காலத்தில், பத்தாம் கிழமைக்குப் பிறகு, ரேகைகள் வரத் தொடங்குகின்றன. மெத்தை உயர்ந்து உருண்டையாக இருக்கும்போது ரேகை வந்தால் சுழி, ஒரு பக்கம் சரிந்திருந்தால் கண்ணி, நன்றாகத் தணிந்த பிறகு வந்தால் வில். 24 ஆம் கிழமையளவில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு விரல் பெருக்குமே தவிர கோலம் மாறாது.

பல்லின் மேலோடான மிளிரியும் (எனாமல்) விரலின் ரேகையும் கருவின் வெளி அடுக்கிலிருந்து வருபவை. 2023 இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரேகைகள் விரல் நுனியின் மூன்று இடங்களில் தொடங்கி அலை போலப் பரவி ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று காட்டினார்கள். உப்புவெளிக் கரையில் நின்று அலைகள் வெவ்வேறு பக்கத்தால் வந்து மோதும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். எந்த அலை முந்துகிறது, எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதைப் பொறுத்துக் கோலம் அமைகிறது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அச்சொட்டாக ஒரே ரேகை வராததற்கும் இதுதான் காரணம். அந்த அலையை நடத்தும் சைகைகளில் ஒன்று ஈடார் என்ற மரபணுவின் வழி வருகிறது. அதே மரபணுவுக்குப் பல்லின் வடிவத்திலும் பங்கு உண்டு. அது பழுதானால் பற்கள் முளைக்காமலே போகலாம், வியர்வைச் சுரப்பிகளும் சரியாக அமையாது.

இன்னொன்று, நேகெலி நோய்த்தொகுதி என்று மிக அரிதான பரம்பரை நோய். அது உள்ளவர்களுக்கு விரலில் ரேகையே இராது, பற்களும் பழுதாகி இளவயதிலேயே விழுந்துவிடும். ஒரே மரபணுப் பிழை இரண்டு இடத்திலும் தெரிகிறது.

ஆகவே 'சம்பந்தமே இல்லை' என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்படியென்றால் அறிக்கை சரிதானே?

இல்லை. மேலே சொன்னவை பிறக்க முன் பல் எப்படி அமைகிறது என்பதைப் பற்றியவை. சூத்தை பிறந்த பிறகு வருவது. பல்லில் ஒட்டும் கிருமி இனிப்பைத் தின்று அமிலம் விடுகிறது, அமிலம் பல்லைக் கரைக்கிறது. இனிப்பு, கிருமி, நேரம் மூன்றும் சேராமல், கையில் என்ன ரேகை இருந்தாலும் சூத்தை வராது.

பிறவிக் குறைபாடுகளில் ரேகை உதவியதுண்டு. 1926 இல் சார்லஸ் மிட்லோவோடு சேர்ந்து தோல்ரேகையியலுக்குப் பெயர் வைத்த ஹரோல்ட் கம்மின்ஸ், டவுன் நோய்த்தொகுதி உள்ள பிள்ளைகளின் கையில் தனித்த கோலங்கள் இருப்பதை 1930களில் எடுத்துக் காட்டினார். நிறமூர்த்தச் சோதனை வருவதற்கு முந்திய காலம் அது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ள குடும்பங்களில் இடக்கை, வலக்கை ரேகைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பதிலும் நியாயம் உண்டு. உதடு சேரும் காலமும் விரல் மெத்தை எழும்பும் காலமும் நெருங்கியவை அல்லவா? முப்பது வருடம் பாக்குச் சப்பியதால் வரும் நோயை இந்த வரிசையில் வைக்க முடியாது.

ஆய்வுகளில் என்னதான் கண்டார்கள்?

சூத்தை அதிகமுள்ள பிள்ளைகளுக்குச் சுழி கூட, கண்ணி குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தலைகீழாகச் சொன்னவையும், வேறுபாடே இல்லை என்று சொன்னவையும் இருக்கின்றன. வாய்ப் புற்றுநோய், வெள்ளைப் படலம், வாய் இறுகும் நோய் ஆகியவற்றிலும் இதே நிலைதான். ஒரு கூட்டத்தில் வில் கூட, இன்னொரு கூட்டத்தில் கண்ணி கூட.

ஏன் இப்படி? பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை. ஒரு வைத்தியசாலைக்கு வந்த சில பத்து நோயாளிகளையும் அதே அளவு நோயில்லாதவர்களையும் எடுத்து ஒப்பிடுவார்கள். பத்து விரல், மூன்று கோலம், ஒவ்வொரு விரலிலும் வரிகளின் எண்ணிக்கை, உள்ளங்கைக் கோணம் என்று இருபது முப்பது ஒப்பீடுகள் செய்தால், வழமையான அளவுகோலின்படி தற்செயலாகவே ஒன்றிரண்டில் வேறுபாடு தெரியும். இருபது தரம் வலை போட்டு ஒரு தரம் மீன் பட்டதும், 'இந்த இடத்தில்தான் மீன்' என்று சொல்வது போல. அடுத்த ஆள் அதே இடத்தில் போட்டுப் பார்த்து வெறும் வலையை இழுக்கிறார். முரண்பாடு அங்கிருந்துதான் வருகிறது.

நிச்சயம் இல்லாவிட்டாலும் ஒரு முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாமே? நட்டம் என்ன?

இதை ஒரு ஆசிரியர் கேட்டார். அவருக்குக் கரும்பலகையில் போடுவது போலக் கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

1000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேருக்கு உண்மையாகவே வாயில் ஆபத்தான மாற்றம் தொடங்கியிருக்கிறது. ரேகைச் சோதனை நோயுள்ள பத்துப் பேரில் ஏழு பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் முப்பது பேரைப் பிழையாகப் பிடிக்கும் என்று வைப்போம். ரேகைக்கு இது தாராளமான மதிப்பு. பிடிபடுகிறவர்கள்: நோயுள்ள 7 பேர், நோயில்லாத 990 பேரில் 297 பேர். மொத்தம் 304 பேரைப் பயமுறுத்தினால் அதில் 7 பேருக்குத்தான் விடயம் இருக்கிறது. அந்த 297 பேரின் நித்திரையை யார் திருப்பிக் கொடுப்பது?

அதைவிட எனக்குக் கவலை மிச்சமுள்ள 3 பேரைப் பற்றி. அவர்களுக்கு நோய் இருக்கிறது, கடதாசி 'பயமில்லை' என்கிறது. அவர்கள் கிளினிக்குக்கு வரமாட்டார்கள்.

பிறவியிலேயே பலவீனமான பல், முரசு (ஈறு) என்று ஒன்று இல்லையா? என் அண்ணன் ஒழுங்காகப் பல் தீட்டுவதில்லை, அவருக்கு ஒன்றுமில்லை. நான் இரண்டு நேரம் தீட்டியும் முரசு கரைகிறது.

இருக்கிறது. இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று நம் நாட்டில், நம் மக்களிடம் எடுக்கப்பட்டது. 1970 இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரின் குழு, மலையகத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. வயது 14 முதல் 31 வரை. அவர்கள் பற்தூரிகை பாவித்ததில்லை, பல் வைத்தியம் கண்டதில்லை. எல்லோருடைய பல்லிலும் அழுக்குப் படிந்திருந்தது, எல்லோருடைய முரசும் வீங்கியிருந்தது. 15 வருடம் தொடர்ந்து பார்த்து 1986 இல் முடிவை வெளியிட்டார்கள். 8 சதவீதமானவர்களுக்குப் பல்லைப் பிடித்து நிற்கும் எலும்பும் சவ்வும் வேகமாக அழிந்தன. 81 சதவீதமானவர்களுக்கு நடுத்தர வேகம். 11 சதவீதமானவர்களுக்கு முரசு வீக்கத்தோடு நின்றது, அதற்கு மேல் போகவில்லை.

இந்த ஆய்வைப் பற்றி முதன்முதல் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. 15 வருடம் ஒருவரின் பல் ஆடி விழுவதை அளந்து எழுதிய கதை அது. அவர்களின் வாய் கொடுத்த அறிவை இன்று உலகம் முழுவதும் பல் மாணவர்கள் படிக்கிறார்கள். நாமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே அழுக்கு, ஆனால் விளைவு வேறு. உள்ளே ஏதோ ஒரு தாங்குசக்தி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த 8 சதவீதத்தை முன்கூட்டி அடையாளம் காண முடியுமா என்ற ஆசையில்தான் சிலர் விரலைப் பார்க்கிறார்கள். ஆசை நல்லது. இதுவரை விரல் அந்த விடையைத் தரவில்லை. உங்களுக்குச் சொல்லக்கூடியது: அண்ணனோடு ஒப்பிடாதீர்கள். முரசு கரைகிறதென்றால் தீட்டுவது மட்டும் போதாது, பல்லுக்கும் முரசுக்கும் இடையில் கல்லாய்ப் படிந்ததைப் பல் வைத்தியர் எடுக்க வேண்டும். சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் இரத்தம் பாருங்கள். அது முரசை வேகமாகக் கெடுக்கும்.

என் மகளுக்குப் பத்து விரலிலும் சுழி. என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதைச் செய்யுங்கள். புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் படுக்க முன்னும் தீட்டி விடுங்கள். ஆறு ஏழு வயது வரை பிரஷ் உங்கள் கையில் இருக்கட்டும். பால் போத்தலோடு நித்திரைக்குப் போக விடாதீர்கள்.

அறிக்கையில் சூத்தை அதிகம் என்று போட்டது சரி போலிருக்கிறது, பல்லில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவே?

எல்லாப் பழுப்பும் சூத்தை இல்லை. உலர் வலயத்தின் பல இடங்களில் கிணற்று நீரில் புளோரைட் கூட. சிறு வயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

அப்பா நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறார். வேண்டாம் என்றால், 'என்ட கையில ரேகை நல்லது, எனக்கு ஒன்றும் வராது' என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

இந்தக் கேள்வி வந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மகன் கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார். அப்பா கடல் தொழில். இரவு கடலில் நித்திரை முறிக்கவும் பசி தெரியாமல் இருக்கவும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இந்தப் பழக்கத்தை நான் இகழமாட்டேன். வெற்றிலை வைக்காமல் நம் வீடுகளில் ஒரு நல்ல காரியம் நடப்பதில்லை. ஆனால் தாம்பாளத்தில் வைப்பது வேறு, கன்னத்துக்குள் அடக்கி வைப்பது வேறு.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். முக்கிய காரணங்கள் வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும், புகைத்தல், மது. 'புகையிலை இல்லாமல் வெறும் பாக்குத்தானே' என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல், புகையிலை சேராத வெற்றிலைச் சப்பலையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதலாம் வகுப்பில் வைத்தது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நாரை வளர்க்கிறது. உட்தோல் வெளிறி, இறுகி, காரம் பட்டால் எரிந்து, கடைசியில் வாய் திறக்க முடியாமல் போகும். பாக்கை நிறுத்தினாலும் அந்த இறுக்கம் பெரும்பாலும் இளகாது, ஆனால் மேலும் போகாமல் தடுக்கலாம். இளம் பொடியன்கள் மாவா என்ற பாக்கு, புகையிலைக் கலவையை வாயில் போட்டுத் திரிவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கன்னங்கள்தான் ஞாபகம் வரும்.

அப்பாவிடம் ரேகையைப் பற்றி வாதாட வேண்டாம். இதைச் சொல்லுங்கள்: "அப்பா, ரேகை வயிற்றுக்குள்ள இருக்கேக்க எழுதினது. பாக்கு நீங்கள் பிறகு போட்டது. அதை ரேகை எப்படி அறியும்?" பிறகு அவரை வெளிச்சத்தில் இருத்தி வாயைப் பாருங்கள்.

வாயில் எதைப் பார்க்க வேண்டும்?

வெற்றிலை வைக்கும் பக்கத்துக் கன்னத்தை முதலில். வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், செம்பட்டு போல சிவந்த இடம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், விழுங்க வருத்தம், கழுத்தில் வீக்கம். நாக்கைத் துணியால் பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள், நாக்கின் அடியையும் விடாதீர்கள். நோகவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் அது நோகாது.

விரலை வைத்து வாயைச் சோதிக்கும் ஒரு வழி உண்மையாகவே இருக்கிறது, அதற்கு ரேகை தேவையில்லை. சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் நிமிர்த்தி வையுங்கள். தன் வாய்க்குத் தன் விரல்தான். மூன்றும் போனால் நல்லது. இரண்டுதான் போகிறது என்றால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் இறுக்கம் கூடுகிறதா என்று வீட்டிலேயே தெரியும்.

அந்தக் கிண்ணியா அப்பாவுக்கு இரண்டு விரல்தான் போனது. மகன் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனார்.

கடல் தொழிலில் கயிறு இழுத்து எனக்கு ரேகையே தேய்ந்துவிட்டது. அது ஏதாவது நோயா?

இல்லை. மேல்தோல் தேய்ந்திருக்கிறது, கோலம் அடியில் இருக்கிறது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும். கெப்சிற்றபீன் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்குக் கையும் காலும் சிவந்து உரிந்து ரேகை மறைவதுண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவர் அந்த மருந்து எடுத்ததால் விரலடையாளம் விழாமல் அமெரிக்க விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டதை அவருடைய வைத்தியர்கள் 2009 இல் எழுதினார்கள். அவருக்கு இருந்தது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வந்த புற்றுநோய். அந்த மருந்தில் இருப்பவர்கள் விமானப் பயணம் போவதானால் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பது நல்லது.

பிள்ளையின் ரேகையை ஏற்கனவே கொடுத்துவிட்டோமே?

அழித்துவிடும்படி எழுத்தில் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றலாம், பிள்ளையின் விரலை மாற்ற முடியாது. அடுத்த முறை யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எங்கே போய்க் காட்டுவது?

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். பெரியவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போகலாம். வெள்ளைப் படலம், ஆறாத புண், வாய் இறுக்கம் என்றால் அங்கிருந்து வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். ஒரு சிறு துண்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் பயந்து திரும்பி வராதீர்கள், விறைக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். காலையில் வேளைக்குப் போங்கள், நம்பர் கிடைக்கும். வாயில் வெற்றிலை இல்லாமல் கொப்பளித்துவிட்டுப் போங்கள், சிவப்புக் கறை இருந்தால் படலம் கண்ணுக்குத் தெரியாது.